வெடித்த மேனிபோல்டும் ஏழுமலையின் தலைவலியும்

1

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எட்டாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இருந்த சண்டை முடிந்துவிட்டது. யார் ஜெயித்தது என்று கேட்காதீர்கள். திண்டிவனத்தில் இருக்கும் என் கூட்டாளி செல்வம், தன் தெரு வாசகர் மன்றத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதி அனுப்பச் சொல்லிக் கடிதம் போட்டிருந்தான். “பேரீச்சம்பழம், ஒட்டகம், ஏசி ரூமு, தங்கக்கடை, எல்லாத்தப் பத்தியும் எழுதுடா மச்சான். படிக்கிறவங்களுக்கு ஜில்லுனு இருக்கணும்” என்று கேட்டிருந்தான்.

ஒட்டகத்தை நான் லாரியில் ஏற்றிக்கொண்டு போகும்போதுதான் பார்த்திருக்கிறேன். அதுவும் என்னைப் பார்த்தது. இரண்டு பேருக்கும் பேசிக்கொள்ள ஒன்றுமில்லை. கடிதத்தை மடித்துப் பெட்டியில் போடப் போனேன். அப்போதுதான் பின்பக்கத்தில் ஓரமாக எழுதியிருந்தது கண்ணில் பட்டது.

“நம்ம வல்லம் ஏழுமலை அங்க குடிச்சிட்டு வண்டி ஓட்டி மாட்டிக்கினான், அதான் திருப்பி அனுப்பிட்டாங்கன்றாங்களே, மெய்யா? திண்டிவனத்துப் பொண்ணு வூட்டுக்காரங்க நிச்சயத்த நிறுத்தி வச்சிட்டாங்க. டீக்கடையில இப்ப அவன் பேரே ஃபாரின் சரக்கு.”

படித்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. சரி, எழுதுகிறேன். ஆனால் ஜில்லென்று இருக்காது. நான் எழுதப்போவது எக்ஸாஸ்ட் மேனிபோல்டைப் பற்றி. பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்துக் கவிதைக்குப் போய்விடலாம். அதில் எப்படியும் ஒரு நிலா இருக்கும்.

2

எஞ்சினுக்குள் டீசலோ பெட்ரோலோ எரிகிறது. எரிந்த புகை ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் ஒரு வாய் வழியாக வெளியே வரும். அந்த வாய்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து சைலன்சர் குழாயில் விடுகிற வார்ப்பிரும்புத் துண்டுக்குப் பெயர்தான் மேனிபோல்டு. உங்கள் விரல்கள் எல்லாம் மணிக்கட்டில் வந்து ஒன்றாகிற மாதிரி. வண்டி ஓடினால் அது பழுக்கக் காயும், நின்றால் ஆறும். இப்படியே காய்ந்து ஆறி, காய்ந்து ஆறி, வயசான வண்டிகளில் ஒருநாள் கீறல் விட்டுவிடும். இவ்வளவுதான் விஷயம். இதற்கு எட்டாம் வகுப்பே அதிகம்.

விழுப்புரத்தில் நான் வேலை பழகிய ஷெட்டுக்கு வரும் லாரிகளில் பாதிக்கு மேனிபோல்டில் கீறல் இருக்கும். ஆனால் அதற்காக என்று ஒருத்தரும் வண்டியை விட்டதில்லை. பிரேக்குக்கு வருவார்கள், ஸ்பிரிங் பட்டை முறிந்தது என்று வருவார்கள். “அண்ணே, மேனிபோல்டு கிராக் உட்டுருக்குதுண்ணே” என்று சொன்னால், “அது கெடக்குது வுடுறா, சத்தந்தான” என்பார்கள்.

சத்தம்தான். பானட்டுக்குள் யாரோ விரலைச் சொடுக்குகிற மாதிரி டக் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றுகிற ஒரு டிரைவரிடம் நானே வலியப் போய், ஒட்டித் தருகிறேன் என்றேன். “ஏன்டா, என் குடும்பத்துல கொள்ளி வைக்கப் பாக்கிறியா? அந்தச் சத்தம் தெருமுனையில கேட்டாத்தான் என் சம்சாரம் ஒலையே வைக்கிறா” என்றார்.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் பக்கத்து லாரியின் கேபின் உங்களுக்குத் தெரியும். மரப்பலகை, இறங்கின கண்ணாடி ஏறாது, காலடிப் பலகையின் ஓட்டையில் ரோடு ஓடுவது தெரியும். புகை ஒரு பக்கம் வந்தால் மறுபக்கம் போய்விடும். அதுவும் டீசல் புகை. கறுப்பாக வரும், கண் எரியும், மூக்கைப் பிடித்துக்கொண்டு கீழே குதித்துவிடுவீர்கள். அதனால் மேனிபோல்டு கிராக் என்பது எங்கள் ரோட்டில் வியாதியே இல்லை, இருமல். சோற்றுத் தூக்கை அதன் மேலேயே வைத்துக் கட்டுவார்கள். திண்டிவனத்தில் கட்டினால் உளுந்தூர்பேட்டையில் அவிழ்க்கும்போது குழம்பு ஆவி பறக்கும்.

ஏழுமலை அந்த ரோட்டில் லாரி ஓட்டினவன். அந்தக் குழம்பைத் தின்றவன். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

நான் அரபு நாட்டுத் தம்மாமில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் இருக்கிறேன். பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில் ஏசியில் இருக்கிறது. நான் வெளியில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறேன். ‘அவன் ஏசியில இருக்கான்’ என்று என் அம்மா விழுப்புரம் பூராவும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதில் பாதி உண்மை. என் போட்டோ ஏசியில்தான் இருக்கிறது. போன மாதம் பேசி அனுப்பிய கேசட்டில் பாதி எனக்கே தெரியாமல் இந்திப் பேச்சாகப் போய்விட்டதாம். அண்ணன் மகள் கேட்டுவிட்டு, “யாரு இது?” என்றாளாம். “உங்க சித்தப்பாடி” என்றதற்கு, “அவரு ஏன் பெட்டிக்குள்ள போயிட்டாரு?” என்றாளாம். இதையெல்லாம் சிரிப்பு வரட்டும் என்று எழுதுகிறார்கள். சிரித்தேன்.

ஏழுமலை வேறு கம்பெனி. கட்டடம் கட்டுகிற கம்பெனியின் கேம்ப்பில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை லீவில் என் அறைக்கு வருவான். வல்லத்தில் அவன் அப்பாவுக்குக் கேப்பையும் மல்லாட்டையும் போடுகிற கொல்லை உண்டு. அந்தக் கொல்லையைப் பற்றி அரைமணி பேசிவிட்டுத்தான் மற்ற பேச்சு.

அவன் ஓட்டியது நம்மூர் ஜீப் இல்லை. பஸ்ஸுக்குத் தம்பி மாதிரி நீளமான பழைய பெட்ரோல் வண்டி. நாலு பக்கமும் கண்ணாடி. வண்டி வந்த பிறகு யாரோ இங்கே ஏசி மாட்டியிருக்கிறார்கள். ஏசிக் குழாய்க்காக எஞ்சினுக்கும் டிரைவர் காலுக்கும் நடுவே இருக்கிற தகட்டில் ஓட்டை போட்டவன், அதைச் சுற்றி ரப்பர் வைத்து அடைக்காமல் போய்விட்டான். டேஷ்போர்டுக்குப் பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள்?

அந்த ஓட்டை தெரியாமல் ஏழுமலை மற்ற எல்லா ஓட்டையையும் அடைத்தான். கதவு இடுக்கு, பின்கதவு இடுக்கு எல்லாவற்றிலும் பழைய பனியனைக் கிழித்துத் திணித்தான்.

“மணலு உள்ள வருது, ஏசி வெளிய போவுது. அதான்” என்றான்.

“வண்டியாடா அது? பொட்டி. நாலு ஆணி அடிச்சா உன்ன அப்பிடியே வல்லத்துக்கு பார்சல் அனுப்பிடலாம்” என்றேன். அவனும் சிரித்தான்.

ஒருநாள் சொன்னான்: “மச்சான், என் வண்டியில ஒரு சத்தம் வருதுடா. டக் டக்குனு. நம்மூரு லாரி மாதிரியே. கண்ண மூடுனா கூட்டேரிப்பட்டு தாண்டிப் போய்க்கினு இருக்கிற மாதிரியே இருக்குது.”

“கண்ண மூடாத, ஓட்றப்ப” என்றேன். எனக்கும் அது வெறும் சத்தமாகத்தான் பட்டது. அவன் வண்டியை எங்கள் ஷெட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. கம்பெனி சொல்கிற இடத்தில்தான் விட வேண்டும். அவனும் சத்தத்தைப் பற்றிக் கம்பெனியில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்? சத்தந்தானே. அதுவும் ஊர்ச் சத்தம்.

பெட்ரோல் புகையின் விஷம் கண்ணுக்குத் தெரியாது என்பதும், மூக்கும் அவ்வளவாகச் சொல்லாது என்பதும் உளுந்தூர்பேட்டைக் குழம்பு தின்றவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

தலைவலி ஆரம்பித்தது. “வெய்யிலுடா” என்றான். குமட்டியது. “மெஸ் சோறுடா” என்றான். டாக்டரிடம் போ என்றால் போகமாட்டான். கம்பெனி டாக்டர் ஏதாவது எழுதி, மெடிக்கலில் ‘அன்ஃபிட்’ என்று முத்திரை விழுந்தால் அடுத்த விமானம். அதனால் ஊரிலிருந்து வந்த தைலத்தை நெற்றி, பொட்டு, மூக்கு எல்லாம் அப்பிக்கொண்டு ஓட்டினான். அவன் கிட்டே வந்தாலே பிள்ளை பெற்ற வீட்டு வாசனை அடிக்கும்.

4

கேம்ப் பாஸ் என்று ஒருவர் இருந்தார். கேம்ப்புக்கு அவர்தான் எல்லாம். நம்ம தென்னாற்காடு மாவட்டத்து ஆள்தான். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன்; அந்த ஊரிலும் நல்லவர்கள் இருக்கலாம். அவர் ஓயாமல் சிகரெட் பிடிப்பவர். ஜீப்பில் ஏறினதும் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பற்றவைப்பார். அப்புறம் ஏசி போதவில்லை என்று ஏழுமலையைத் திட்டுவார்.

ஒரு நாள் ஏதோ பேப்பரில் முத்திரை வாங்க ஆபீசுக்குள் போனார். “நான் வர்ற வரைக்கும் ஏசிய ஓட வுடு. வந்து ஏறினா ஜில்லுனு இருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே இவரை ஜன்னல் ஜன்னலாக அலைய விட்டிருக்கிறார்கள். வெளியே நல்ல வெயில். ஏழுமலை எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு, எஞ்சினை ஓடவிட்டு, உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

அவர் திரும்பி வந்தபோது கதவைத் திறந்துவிட இறங்கியவன், முழங்கால் மடங்கி விழுந்தான். வாந்தி எடுத்தான். பேச்சு குழறியது.

“யோவ், குடிச்சிருக்கியா?”

“தலவலி சார்...”

“இன்னா வாசன இது?”

“தைலம் சார்.”

“ஓகோ. வாசன தெரியக்கூடாதுன்னு தைலத்த அப்பிக்கினு வந்திருக்க. என்னான்ட கத வுடறியா?”

அவ்வளவுதான் விசாரணை. இந்த நாட்டில் குடி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. ஊரில் மாதிரி வேட்டியைச் சரி செய்துவிட்டு வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். போலீசுக்குச் சொல்லாமல் விடுவதே தான் செய்கிற தருமம் என்று சொல்லிவிட்டு, கேம்ப் பாஸ் அன்றைக்கே மேலே பேப்பர் அனுப்பிவிட்டார்: டிரைவர் நடத்தை சரியில்லை, திருப்பி அனுப்ப வேண்டியது.

5

மறுநாள் அதே ஜீப் எங்கள் ஷெட்டுக்கு வந்தது. கம்பெனியின் வழக்கமான ஷெட்டில் இடமில்லையாம். என்ன கோளாறு என்று எழுதியிருந்தது தெரியுமா? ஏசி போதவில்லை. ஒரு ஆள் மயங்கி விழுந்திருக்கிறான், வண்டிக்கு வியாதி ஏசியாம்.

ஓட்டிக்கொண்டு வந்தது ஏழுமலைதான். வேறு டிரைவர் கிடைக்கும்வரை குடிகாரன் ஓட்டலாம் போலிருக்கிறது. இறங்கி நடந்ததைச் சொன்னான்.

“எங்கடா கெடச்சிது? எனக்கு ஒரு சொட்டு வைக்கலியே” என்றேன்.

வழக்கமாக இதற்குத் திருப்பி ஒன்று கொடுப்பான். அன்றைக்கு, “மச்சான், எங்கப்பாவுக்கு லெட்டர் போயிடுமாடா?” என்றான்.

அப்புறம்தான் நான் வாயை மூடினேன். வாயை மூடினால்தானே காது கேட்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டக் டக் டக். பானட்டைத் தூக்கினேன். இரண்டு வாய்களுக்கு நடுவே, தலைமுடி ஒட்டியிருக்கிற மாதிரி ஒரு கீறல், அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு தேமல். ஒரு துண்டுப் பேப்பரைக் கிட்டே கொண்டுபோனால் படபடவென்று அடித்தது. டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டுத் துழாவினேன். ஏசிக் குழாய் ஓட்டை வழியாகச் சூடு என் உள்ளங்கையில் அடித்தது.

ஏழுமலை எட்டிப் பார்த்தான். “இதுவா? இது சத்தந்தானடா” என்றான்.

எனக்கு வந்த கோபத்தில் அவனையே அடித்திருப்பேன்.

சாயந்திரம் கேம்ப் பாஸ் வந்தார். நான் சொன்னேன்: “சார், மேனிபோல்டு கிராக்கு. பொக எல்லாம் உள்ள வருது. அவன் குடிக்கல.”

“தம்பி, நீ மெக்கானிக்கா டாக்டரா?”

“மெக்கானிக்கு சார்.”

“அப்ப ஏசியப் பாரு.”

எங்கள் ஷெட் ஃபோர்மேன் என் காலை மிதித்தார். ஏசிக்குக் கேஸ் ஏற்றி அனுப்பு, கீறலில் கொஞ்சம் அடைப்புப் பசை பூசு, போதும் என்று முன்பே சொல்லியிருந்தார். வாடிக்கை கெட்டுவிடுமாம்.

நான் உடனே நல்ல பிள்ளை ஆகிவிட்டேன். நான் நல்ல பிள்ளை ஆனால் விழுப்புரத்தில் எல்லோரும் தங்கள் செருப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கேம்ப் பாஸுக்கு அது தெரியாது.

“ஏசி சரியாயிடுச்சி சார். நீங்களே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துடுங்க. நானும் வர்றேன். கண்ணாடி மட்டும் எறக்காதீங்க, அப்பதான் ஏசி தெரியும். சிகரெட்டு அப்பறம் புடிச்சிக்கலாம்.”

கீறலில் நான் எதையும் அடைக்கவில்லை.

6

நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். என் பக்கத்துக் கண்ணாடியை மூக்கு நுழைகிற அளவுக்குத் தள்ளிக்கொண்டு, வேடிக்கை பார்ப்பதுபோல அங்கேயே முகத்தை வைத்திருந்தேன். அவர் ஓட்டினார். “ஜில்லுனு இருக்குதே” என்றார். துறைமுக ரோட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. நாங்களும் நின்றோம். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நம்மூர்ச் சத்தத்தோடு.

முதலில் பேசிக்கொண்டு வந்தார். பிறகு பேச்சு குறைந்தது. நெற்றியைத் தேய்த்தார்.

“தல இன்னாமோ மாதிரி இருக்குது தம்பி.”

“வெய்யிலு சார்” என்றேன்.

கொஞ்சம் பொறுத்து, “வயித்தப் பொரட்டுது” என்றார்.

“மெஸ் சோறு சார்.”

அதற்கு மேல் விளையாட எனக்கே பயமாகிவிட்டது. ஆளைக் கொல்லவா வந்தேன்? ஓரங்கட்டச் சொல்லி, எல்லாக் கதவையும் திறந்துவிட்டேன். இறங்கினார். கால் தரையைத் தேடியது. கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார், வாந்தி எடுத்தார். பக்கத்து லாரிக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஜீப்பில் கிடந்து நான் எடுத்து வைத்திருந்த ஏழுமலையின் தைலப் புட்டியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

“தடவிக்குங்க சார். ஜல்தியா தடவிக்குங்க. ஆனா ஒண்ணு, யாராவது மோந்து பாத்தா, குடிச்சிட்டுத் தடவியிருக்காருன்னு பேப்பர் எழுதிடுவாங்க.”

புட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது. அந்த முகத்தில் புரிந்துவிட்டது என்பதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருந்தால் இவ்வளவு கோபம் இருக்காது.

கண்ணாடிகளை இறக்கிக்கொண்டு நான்தான் திருப்பி ஓட்டி வந்தேன். ஷெட்டுக்குள் நுழைந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: “இந்த வண்டிய நாளைக்கே சரி பண்ணணும். நான் ஏறுற வண்டி.”

“ஏழுமல பேப்பரு சார்?”

“அது மேல போயிடுச்சி.”

“வண்டியில கோளாறுன்னு ஒரு வரி எழுதிப் போடுங்க சார். போதும்.”

“வண்டியில கோளாறுன்னா, வண்டியப் பாத்துக்காத ஆளு யாருன்னு கேப்பான். யாரு? நானு. எனக்கும் புள்ள குட்டி இருக்குது தம்பி.”

ஏழுமலை ஷெட்டுக் கம்பத்தில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு இன்னும் பிள்ளை குட்டி இல்லை. அதுதான் அவன் செய்த தப்பு.

7

மேனிபோல்டை நான்தான் ஒட்டினேன். துருப்பிடித்த ஸ்டட்டு போல்ட்டுகளைச் சூடுகாட்டிக் கழற்றினேன். அப்படியும் ஒன்று முறிந்தது. அதற்கு நான் சொன்ன வார்த்தையை ஆண்டு மலரில் போடமுடியாது. கீறலின் இரண்டு முனையிலும் சின்ன ஓட்டை போட்டேன், மேற்கொண்டு ஓடாமல் இருக்க. கீறல் நெடுக வாய்க்கால் மாதிரி வெட்டி, முழுத் துண்டையும் கரி அடுப்பில் காயவைத்து, வார்ப்பிரும்புக் கம்பியால் ஒட்டினேன். சூடாக இருக்கும்போது காற்றுப் பட்டால் வார்ப்பிரும்பு பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும். மெதுவாக ஆறவேண்டும். விழுப்புரத்தில் மல்லாட்டைத் தோல் எரித்த சாம்பலில் புதைப்போம். இங்கே மணலில் புதைத்தேன். இந்த நாட்டில் எனக்கு யாரையும் கேட்காமல் கிடைத்தது மணல் ஒன்றுதான். ஆறின பிறகு எஞ்சினோடு ஒட்டுகிற முகத்தைச் சமமாகத் தேய்த்து, புது கேஸ்கட் வைத்து மாட்டினேன். ஏசிக் குழாய் ஓட்டைக்கும் ரப்பர் அடைத்தேன்.

அரைகுறையாக ஒட்டி அனுப்பலாமா என்று நினைக்காமல் இல்லை. ஆனால் அடுத்த டிரைவராக வந்தவர் பண்ருட்டிக்காரர். அவரும் அதே ரோட்டில் லாரி ஓட்டினவர். அவரும் சத்தந்தானே என்பார்.

வண்டிக்கு மறுநாளே வைத்தியம் ஆகிவிட்டது. ஆளுக்கு ஆகவில்லை. இதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

ஏர்போர்ட்டில் ஏழுமலை கேட்டான், “ஊர்ல இன்னாடா சொல்றது?”

“ஒடம்பு சரியில்லன்னு சொல்லுடா.”

“ஒடம்பு சரியில்லன்னாலும் பொண்ணு குடுக்கமாட்டான், குடிச்சேன்னாலும் குடுக்கமாட்டான். பேஜாரு.” அப்புறம் சிரிக்கிற மாதிரி ஒன்று செய்தான்.

அவன் ஒன்றுமே சொல்லவில்லை போலிருக்கிறது. அவன் சொல்லாததால் நீங்கள் சொல்லிவிட்டீர்கள். டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, கால் மேல் கால் போட்டுக்கொண்டு, கடல் தாண்டி நடந்ததற்குச் சாட்சி சொல்லிவிட்டீர்கள். கேம்ப் பாஸுக்காவது தன் வேலை போய்விடும் என்று பயம் இருந்தது. உங்களுக்கு என்ன பயம்? டீ ஆறிவிடும் என்றா?

பெண்ணின் அப்பாவுக்கு ஒன்று. ஐயா, நீங்கள் திண்டிவனத்தில் மரியாதைக்குரியவர் என்று செல்வம் எழுதியிருக்கிறான். உங்கள் மாப்பிள்ளையாக வரவேண்டியவன் அந்த வண்டியில் இருந்தவரை மூச்சு விட்டான். அது ஒன்றுதான் அவன் செய்தது. சந்தேகமாக இருந்தால் விழுப்புரத்தில் எந்த ஷெட்டிலும் போய்க் கேளுங்கள், மூடின பெட்ரோல் வண்டியில் மேனிபோல்டு கிராக் விட்டால் என்ன ஆகும் என்று. ‘சத்தந்தான’ என்று சொல்கிற ஷெட்டில் மட்டும் உங்கள் காரை விடாதீர்கள்.

இதை எழுதி முடித்ததும் செல்வத்துக்கு அனுப்பவில்லை. பெயர் போடலாமா என்று கேட்டு, லீவில் போகும் அறைக்காரரிடம் ஏழுமலைக்குக் கொடுத்தனுப்பினேன். அவர் திரும்பி வரும்போது பதில் கொண்டுவந்தார். ஒரே வரி.

“மச்சான், உள்ள எழுதனத எவன் படிக்கப் போறான், ‘ஏழுமல குடிக்கல’ன்னு அட்டையில பெரிய எழுத்துல போடச் சொல்லு.”